அன்னம்மாளின் கைக்குக் கீழே

இல்-பிசார் தீவுக்குப் போகிற பேருந்தை நம்பிப் புறப்படுகிறவர் பொறுமையையும் பையில் போட்டுக்கொண்டு போகவேண்டும். செலீன் அதை முதல் நாளே கண்டுகொண்டாள். பெப்ரவரி மாதத்து மத்தியானம், பாலத்துக்கு அப்பால் இறங்கி, கணுக்கால் புதையும் பனிக்குள் இருபது நிமிடம் நடந்துதான் அந்தக் கல்வீட்டை அடைந்தாள். ஆற்றைப் பார்த்த வீடு. ஆறு உறைந்து, கரை எது தண்ணீர் எது என்று தெரியாமல் வெள்ளையாகக் கிடந்தது.

வீட்டுக்காரி இறந்து மூன்று மாதம். அவளுடைய மருமகன் கதவைத் திறந்துவிட்டார், திறப்பைக் கையில் தந்தார், காப்பி இயந்திரத்தைக் காட்டினார். "படங்கள் எல்லாம் மேலே" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். மேலே வந்து காட்டுவதற்கு அவருக்கு ஏனோ நேரம் இருக்கவில்லை.

செலீனுக்கு முப்பத்தேழு வயது. மன்னாரில் பிறந்து ஒன்பது வயதில் மொன்றியலுக்கு வந்தவள். கலை வரலாறு படித்துவிட்டு ஓர் ஏல நிறுவனத்துக்குப் பட்டியல் எழுதுகிறாள். படங்களை அளந்து இலக்கமிடவேண்டும், எங்கே வெடிப்பு எங்கே கறை என்று குறிக்கவேண்டும், கடைசியில் ஓவியரின் வாழ்க்கையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். ஒரு மனிதனின் வாழ்நாளை ஒரு பக்கத்தில் அடைக்கிற தொழில்.

இந்தத் தரம் அடைக்கவேண்டியவர் தெயோஃபில் பொர்தெலே. அவர் தன் கைப்பட எழுதிய பதினொரு கறுப்புக் குறிப்பேடுகள் மேசை லாச்சிக்குள் இருந்தன. செலீன் ஒழுங்குக்காரி. முதலாவதிலிருந்து தொடங்கினாள்.

1838இல் லியோன் நகரத்தில், பூட்டுத் திருத்துகிறவரின் மகனாகப் பிறந்தவர். பதினாறு வயதில் பாரிஸ் நுண்கலைக் கல்லூரி. ரோமாபுரிப் பரிசுக்கு மூன்று தரம் போட்டி போட்டு மூன்று தரமும் இரண்டாம் இடம். அந்தக் காயம் கடைசிவரை ஆறவில்லை என்பது எழுத்திலேயே தெரிந்தது. பிறகு வருடாவருடம் அரசாங்கக் கண்காட்சி, பதக்கங்கள், குளிக்கிற தேவதைகள், சாகிற ரோமச் சிப்பாய்கள், வங்கிக்காரரின் மனைவிமார். தூரிகை போன தடமே தெரியாத வழவழப்பு அவருடைய பெயரானது. அவருக்கு ஒரே ஒரு வேதம் இருந்தது: கண் காணாததைக் கை வரையக்கூடாது. சாகிற சிப்பாயின் முகத்துக்காக, தருமாஸ்பத்திரி ஒன்றில் ஒரு கூலித் தொழிலாளியின் கட்டிலருகே பதினொரு நாள் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஆள் இறந்ததும் குறிப்பேட்டில் எழுதினார்: 'உதட்டின் நிறம் கிடைத்துவிட்டது.'

பிறகு காலம் மாறியது. வெளிச்சத்தைத் திட்டுத்திட்டாகப் பூசுகிற புதிய ஆட்கள் வந்தார்கள். பொர்தெலேயின் படங்களைப் பார்த்துப் பத்திரிகைக்காரர்கள் சவர்க்காரக் கட்டி என்று சிரித்தார்கள். ஐம்பத்தொரு வயதில் அவர் கப்பலேறி மொன்றியலுக்கு வந்தார். இங்கே கோயில்களுக்கு இன்னமும் வழவழப்பான புனிதர்கள் தேவைப்பட்டார்கள். ஆற்றோரம் வீடு கட்டி, மாடியில் வடக்குப் பார்த்த பெரிய யன்னல் வைத்தார். வடக்கு வெளிச்சம் நாள் முழுவதும் மாறாது என்பது ஓவியர்களின் கணக்கு.

அந்த வடக்கு அறையில்தான் அது இருந்தது. ஆள் உயரத்தைவிடப் பெரிய படம், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். செலீன் மெதுவாக நகர்த்தித் திருப்பினாள்.

பரிசுத்த அன்னம்மாள். பச்சைப் போர்வை, மடியில் விரித்த புத்தகம். மகள் மரியாளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிற காட்சி, செலீன் நூறு கோயில்களில் பார்த்தது. ஆனால் இதில் மரியாள் இல்லை. அன்னம்மாளின் இடது கை, ஒரு சின்னப் பிள்ளையின் தோள் இருக்கவேண்டிய உயரத்தில், வெறும் காற்றின்மேல் இருந்தது. கைக்குக் கீழே மண்ணிறச் சுவர். படம் முழுக்கக் கண்ணாடி மாதிரி வழவழப்பு, அந்தச் சுவர்த் துண்டு மட்டும் கரடுமுரடாக, தடிப்பாக, கோபத்தில் பூசினதுபோல.

இன்னும் காயாத எண்ணெய்ச் சாயத்தின் மணம் வந்தது. நூற்று முப்பது வருடத்துப் படத்தில் எண்ணெய் மணக்காது. செலீன் குனிந்து மணந்து பார்த்துவிட்டு, யன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாள்.

ஐந்தாம் நாள் றூபனிடமிருந்து தொலைபேசி வந்தது. றூபன் அவளுடைய கணவன். டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பொதி ஏற்றுகிறவன், எந்தப் பாரத்துக்கும் குரல் உடையாதவன்.

அன்றைக்கு உடைந்திருந்தது.

"திரும்பவும் வீங்கிட்டுது, செலீன். கண் ரெண்டும் மூடிப்போச்சு. மருந்தைக் கூட்டியும் கேக்கேல்லையாம். சிறுநீரகம் இனித் தாங்குமோ தெரியாது எண்டு சொல்லுகினம்."

"நான் இப்ப வாறன்."

"வந்தாலும் உள்ளுக்கு விடமாட்டினம். ஏதோ குழாய் போடுகினம். ரெண்டு மணித்தியாலம் ஆகுமாம்."

அஞ்சலீனாவுக்கு ஆறு வயது. ஒரே பிள்ளை. இது மூன்றாவது தரம்.

மன்னார்க் கத்தோலிக்கருக்கு இப்படியான நேரத்துக்கென்றே ஒரு வழக்கம் உண்டு. நோய் விடாத பிள்ளையைத் தலைவில் அன்னம்மாள் கோயிலுக்குக் கொண்டுபோய், 'இனி இது உன்ரை பிள்ளை' என்று கொடுத்துவிடுவார்கள். கொடுத்த தாய் திரும்பிப் பாராமல் வாசலுக்கு வந்து நிற்கவேண்டும். பிறகு மாமனோ மாமியோ பிள்ளையின் உயரத்துக்கு மெழுகுதிரி வைத்து, அன்னம்மாளிடம் பிள்ளையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, தாயின் கையில் பிடித்துக் கொடுப்பார்கள். அதன்பிறகு தாய் வளர்ப்பது அன்னம்மாளின் பிள்ளையை. சாவு தேடி வந்தாலும் விலாசம் மாறிப்போயிருக்கும். செலீனின் தம்பி அப்படிக் கொடுத்து வாங்கிய பிள்ளைதான். பல்கலைக்கழகத்தில் அவள் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் முழங்காலில் விழுந்தாள். அது கோயிலில்லை, அந்தப் படத்தை எந்தக் குருவானவரும் மந்திரித்ததில்லை, பிள்ளையும் பக்கத்தில் இல்லை. ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? அன்னம்மாளின் முகத்தைப் பார்த்து, மன்னார்த் தமிழில், சத்தமாகச் சொன்னாள்.

"அன்னம்மா, அஞ்சலீனாவை உனக்குத் தந்திட்டன். இனி அவள் உன்ரை பிள்ளை. சாகவிட்டிடாதை."

எண்ணெய் மணம் குப்பென்று எழுந்தது.

பிறகு அந்த அறைக்குள், மிக அருகில், நீண்ட நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருத்தி அதை மெல்ல விடுகிற சத்தம் கேட்டது.

செலீன் திரும்பினாள். யன்னல் திரை ஆடவில்லை. ஆறு வெள்ளையாகக் கிடந்தது.

அன்று பின்னேரமே வீக்கம் வற்றத் தொடங்கியது. நான்காம் நாள் பிள்ளை வீட்டுக்கு வந்தாள். வைத்தியர்களுக்கே ஆச்சரியம். அஹுன்ட்சிக்கில் அவர்களுடைய வீட்டின் கீழ்த்தட்டில் றூபனின் அக்கா யோசெப்பின் இருந்தாள். கோயில், செபமாலை, பாடகர் குழு என்று ஓடித் திரிகிறவள். அவள் பால்சோறு காய்ச்சி மேலே கொண்டுவந்தாள். செலீன் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. படித்த பெண்ணுக்கு வெட்கம் இருக்காதா? மீட்கிற சடங்கைப் பற்றி அவளுக்கு ஞாபகம் வந்தது. அவசரமில்லை, பேந்து பார்ப்போம் என்று விட்டுவிட்டாள்.

திரும்ப வேலைக்குப் போன அன்று படத்தில் ஒரு கறை கண்டாள்.

அன்னம்மாளின் கைக்குக் கீழே, மண்ணிறச் சுவருக்குள், தேநீர் சிந்தினதுபோல ஒரு வட்டம். அடுத்த நாள் அது ஒரு தலையாக இருந்தது. அதற்கு அடுத்த நாள் தோள் வந்தது. படம் திருத்துகிற சிநேகிதி ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்டாள். பழைய எண்ணெய்ச் சாயம் காலம் போகப்போகக் கண்ணாடியாகும், ஓவியர் அழித்து மேலே பூசினதெல்லாம் ஊடாகத் தெரியும், சாதாரண விஷயம் என்றாள் அவள்.

"எவ்வளவு காலம் எடுக்கும்?" என்று செலீன் கேட்டாள்.

"அறுபது வருடம், நூறு வருடம். ஏன்?"

வீட்டில் அஞ்சலீனா ஒன்றையும் மறுக்காமல் சாப்பிட்டாள், சொன்ன நேரத்துக்கு நித்திரை கொண்டாள். விளையாடமட்டும் மாட்டாள். யன்னலோரம் போய் நிற்பாள். நின்றால் நின்றதுதான். எவ்வளவு நல்ல பிள்ளை, அசையவே மாட்டாள் என்று பள்ளிக்கூட ஆசிரியை பாராட்டி எழுதி அனுப்பினாள். ஒருநாள் யோசெப்பினின் மகனுடைய பெயர் அவளுக்கு வரவில்லை. இன்னொரு நாள் தன் பெயரைக் கூப்பிட்டதற்கே திரும்பவில்லை. குளிக்கவார்க்கும்போது செலீன் ஒன்று கவனித்தாள். உடம்பெல்லாம் சூடு, இடது தோள்மட்டும் சில்லென்று இருந்தது. ஒரு உள்ளங்கை அகலத்துக்கு.

செலீன் கடைசிக் குறிப்பேட்டை எடுத்தாள்.

மாடலாக வந்தவள் பெயர் ரோசாலி. கார்ட்டியர்வில்லில் துணி வெளுக்கிறவள், கணவன் இல்லாதவள். அவளையும் அவளுடைய மகளையும் சேர்த்தே பொர்தெலே அமர்த்தினார். தாயையும் மகளையும் காணாமல் தாயையும் மகளையும் வரையலாமா? தாய் கல்லாக இருந்தாள். பிள்ளை அப்படி இருக்கவில்லை. 'சிறுமி அசைகிறாள்' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தார். பிறகு ஒருநாள், குழந்தைகளை உறங்கவைக்கிற பாணி மருந்து ஒன்றை மருந்துக்கடையில் வாங்கி, ஒரு கரண்டி கொடுத்துப் பார்த்தார். மகளைக் கம்பத்தில் சாய்த்து நிறுத்தினார். வேலை நன்றாக நடந்தது. அடுத்த நாள் இரண்டு கரண்டி.

பதினேழாம் நாள் குறிப்பைச் செலீன் இரண்டு தரம் வாசித்தாள்.

'இன்றைய வெளிச்சம் அபூர்வமானது. பத்தரை மணியளவில், ஐயா, இவள் குளிர்ந்து போகிறாள் என்றாள் ரோசாலி. கையை எடுக்காதே என்றேன். நான்கு மணிவரை வரைந்தேன். உதட்டின் நிறம் கிடைத்துவிட்டது.'

செலீன் குறிப்பேட்டை மூடிவிட்டு, யன்னலை முழுதாகத் திறந்தாள்.

மிச்சத்தைப் பிறகு வாசித்தாள். அவர் பிள்ளையைச் சுரண்டி அழித்து மேலே சுவர் பூசிவிட்டார். ரோசாலி போகவில்லை. தினமும் காலையில் வந்து, கையை அதே உயரத்தில் நீட்டிக்கொண்டு நின்றாள். படம் முடிந்ததும் மகளைத் தருவேன் என்று அவளைச் சமாளிப்பதற்காகச் சொன்னேன், அதை நம்பிவிட்டாள் என்று எழுதியிருந்தார். மார்ச் மாதம் ஆற்றில் பனி உடைந்தபோது அவள் உடலை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் ஒரு வரி இருந்தது. அதுதான் பொர்தெலேயின் தொழில் வாழ்க்கையின் கடைசி வரி. அதன்பிறகு பதினொரு வருடம் உயிரோடிருந்தும் அவர் தூரிகை தொடவில்லை.

'இன்றும் வந்து நின்றாள்.'

செலீன் தலையை நிமிர்த்திப் படத்தைப் பார்த்தாள். சுவருக்குள்ளிருந்து வந்த பிள்ளைக்கு இப்போது முகம் இருந்தது. இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு சின்னத் தழும்பு. அஞ்சலீனா நடக்கப் பழகியபோது கதிரையில் அடிபட்ட தழும்பு.

அன்று பின்னேரம் யோசெப்பினின் குசினிக்குள் நின்று எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

"படம் மந்திரிச்சதோ?" என்பதுதான் யோசெப்பினின் முதல் கேள்வி.

"இல்லை, மச்சாள்."

"ஐயோ, விசரி! அப்ப ஆரிட்டைக் குடுத்தனீ?"

ரோசாலியிடம் என்று செலீனுக்குத் தெரியும். யோசெப்பின் அடுப்பை அணைத்தாள், சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"குடுத்தது குடுத்ததுதான். முறைப்படி கேட்டு எடுக்கவேணும். நீ கேக்கேலாது, குடுத்தவள் கேக்கக்கூடாது. மாமி நான் கேக்கிறன். படம் எப்ப வெளிக்கிடுது?"

படம் ஏற்கனவே விலைப்பட்டிருந்தது. பெயர் சொல்ல விரும்பாத ஒருவர், எந்த நாடென்றுகூட நிறுவனம் சொல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பாரவண்டி வரும்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நான்கு பேரும் இல்-பிசாருக்குப் போனார்கள். றூபன் கார் இயந்திரத்தை நிறுத்தாமல் வெளியிலேயே இருந்தான். அவனுக்கு இதில் நம்பிக்கையில்லை. மகள் தன் பெயரை மறந்ததைப் பார்த்தவன் என்பதால் மறுக்கவும் இல்லை.

வடக்கு அறை முழுக்கப் பனி வெளிச்சம். அஞ்சலீனாவின் உயரத்துக்கு மெழுகுதிரி கிடைக்காமல், யோசெப்பின் நான்கு திரிகளை உருக்கி ஒட்டிக் கொண்டுவந்திருந்தாள். அதைக் கொளுத்தி ஒரு வாளி மணலுக்குள் நட்டாள். பிள்ளையைக் கையில் பிடித்துப் படத்தின் முன்னால் நிறுத்தினாள். அஞ்சலீனா நிறுத்தின இடத்தில் நின்றாள்.

"நீ வாசலுக்குப் போ. அங்காலை பாத்துக்கொண்டு நில். நான் கையிலை தாறவரைக்கும் திரும்பப்படாது. பேந்து போகேக்கையும் படத்தைத் திரும்பிப் பாக்கப்படாது."

"மச்சாள், பேரைச் சொல்லிக் கேளுங்கோ. அஞ்சலீனா எண்டு சொல்லிக் கேளுங்கோ."

"குடுத்த பிள்ளைக்குப் பேர் இல்லை. மீட்டாப்பிறகுதான் பேர். முறை தெரியாமல் கதைக்காதை."

செலீன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நடையைப் பார்த்து நின்றாள். பின்னால் யோசெப்பின் கண்ணை மூடிச் செபிக்கத் தொடங்குவது கேட்டது. கண்ணை மூடியபடியேதான் எப்போதும் செபிப்பாள்.

"அம்மா தாயே, உன்னட்டை இருக்கிற பிள்ளையை எங்களிட்டைத் தா. உன்னட்டை இருக்கிற பிள்ளையை எங்களிட்டைத் தா."

மூன்றாம் தரம் சொன்னபோது எண்ணெய் மணம் வந்தது.

திரி படபடவென்று அடித்தது.

ஒரு பெண்ணின் குரல், மெழுகுதிரி எரிகிற சத்தத்தைவிடத் தாழ்ந்த குரல், பிரெஞ்சில் ஒரு சொல் சொன்னது. போ.

பிறகு மரத் தரையில் சின்னக் காலடிகள். வெறுங்கால்கள். அஞ்சலீனா பனிச் சப்பாத்தோடு வந்தவள் என்று செலீனுக்கு ஞாபகம் வந்தது. திரும்பத் துடித்தது கழுத்து. திரும்பினால் பிள்ளை போய்விடும் என்று நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு சின்னக் கை அவளுடைய கைக்குள் வந்தது. சூடான கை.

"கூட்டிக்கொண்டு போ," என்றாள் யோசெப்பின். குரல் களைத்திருந்தது.

செலீன் குனிந்து பார்த்தாள். சப்பாத்து, சிவப்புக் குளிர்ச்சட்டை, புருவத்தில் தழும்பு, எல்லாம் இருந்தன. தோளைத் தொட்டாள். சூடு. அப்படியே தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். படத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. யோசெப்பினும் பார்க்கவில்லை. முறை என்றால் முறை.

பாலத்தில் எதிரே பாரவண்டி வந்துகொண்டிருந்தது. "போய்த் துலையட்டும்," என்றான் றூபன். செலீன் பல நாட்களுக்குப் பிறகு சிரித்தாள்.

வீட்டில் பிள்ளை இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள். கறி உறைக்கிறதென்று கண்ணில் தண்ணீர் வந்தும் சாப்பிட்டாள். சுவர்களை, விளக்குகளை, குளிர்சாதனப் பெட்டியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தாள். இவ்வளவு நாளும் எங்கேயோ போயிருந்த பிள்ளை, புதினம் பார்க்கத்தானே செய்யும் என்று செலீன் நினைத்தாள். சாப்பிட்ட பிறகு யன்னலோரம் முக்காலி போட்டு இருத்தி, தலை பின்ன எண்ணெய் தடவினாள். கன்னத்தைத் தொட்டு முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி, "இப்பிடியே இரு, ராசாத்தி, சீப்பு எடுத்துக்கொண்டு வாறன்," என்றாள்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய அம்மா கூப்பிட்டாள். பிறகு தம்பி. நல்ல செய்தியைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. புட்டுக்கு மாவும் குழைத்து வைத்தாள். சீப்போடு அவள் திரும்பி வந்தபோது ஒரு மணித்தியாலம் தாண்டியிருந்தது. வெளிச்சம் யன்னலை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

பிள்ளை முக்காலியில் இருந்தாள்.

முகம் அதே இடப்பக்கம். கைகள் மடியில் அதே மாதிரி. கழுத்து நரம்பு துடித்தது. இமைக்காத கண்களிலிருந்து தண்ணீர் வழிந்து நாடியில் சொட்டியது. உதடு நடுங்காமலிருக்க அவள் படுகிற பாடு தெரிந்தது.

அஞ்சலீனா பிரெஞ்சில் கதைத்தாலும் செலீனை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவாள். பிறந்த நாளிலிருந்து வேறு சொல் அவளுக்குத் தெரியாது.

சீப்புக் கையிலிருந்து விழுந்தது. அந்த அறையில் நடந்தது செலீனுக்கு இப்போது விளங்கியது. ரோசாலியிடம் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஒன்றைத் தா என்று கேட்டார்கள். உயிருள்ள உடம்புக்குள், சோறும் சூடும் இருக்கிற வீட்டுக்கு, தன் பிள்ளையை அனுப்பிவிட்டு, மற்றவளின் பிள்ளையைத் தன் கைக்குக் கீழே நிறுத்திக்கொண்டாள். எந்தத் தாயும் செய்கிறதைத்தான் அவளும் செய்தாள். செலீனும் அதைத்தான் செய்திருப்பாள்.

பாரவண்டி போய் மூன்று மணித்தியாலம். எந்த நாட்டுக்கு, யார் வீட்டுக்கு என்று கேட்டாலும் நிறுவனம் சொல்லாது.

பிள்ளை தலையைத் திருப்பவில்லை. உதட்டைமட்டும் அசைத்து, மரியாதையாக, பழைய காலத்துப் பிரெஞ்சில் மெல்லக் கேட்டாள்.

"மெதாம், நான் இப்ப அசையலாமா?"

பதில் வரும்வரை பிள்ளை அசையவில்லை.